செத்துப்போன பசுவுக்கு ஈடாக இன்னொரு பசுவா, நான்கு ஆடுகளா? சிறு குடும்பத்துக்குக் கால்நடை வருமானமா, சேமிப்பா?

கரிசல்மண்:

அனைவருக்கும் வணக்கம். டி.கல்லுப்பட்டிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் விளையும். பெய்யாத ஆண்டில் ஒன்றும் இல்லை. அப்பா இறந்த பிறகு, அந்த நிலத்தையும் ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசுவையும் வைத்துக்கொண்டு அம்மா ஊரிலேயே இருக்கிறார். நான் மதுரையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் அந்தப் பசு உண்ணிக் காய்ச்சலில் இறந்துவிட்டது. முதல் நாள் தீவனம் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. மூன்றாம் நாள் விடியற்காலையில் படுத்திருந்த மாடு எழுந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 58,000 ரூபாய்க்குக் கடன் வாங்கிப் பிடித்த மாடு அது. காப்பீடும் செய்திருந்தோம். ஆனால் காதில் குத்தியிருந்த காப்பீட்டு அடையாள வில்லை முள்வேலியில் சிக்கி அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்ததை நாங்கள் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்பதால், இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு கடன் வாங்கி இன்னொரு மாடு பிடிக்கலாமா என்று யோசித்தபோது, அம்மாவின் பால் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கறவைக் காலத்தில் சராசரியாக நாளுக்கு 7 லிட்டர், லிட்டருக்குக் கையில் கிடைத்தது ஏறத்தாழ 34 ரூபாய். அடர்தீவனம், வைக்கோல், பருத்திக்கொட்டை, மருந்து, சினை ஊசி எல்லாம் போக மிஞ்சியது நாளுக்கு எண்பது ரூபாய்க்குச் சற்று மேல். பால் வற்றிய மூன்று மாதங்களையும் கடன் வட்டியையும் சேர்த்தால் அதுவும் இல்லை. இதற்காக அம்மா நாளுக்கு ஐந்து மணி நேரம் உழைத்திருக்கிறார். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லி இதைக் கடந்து போக எனக்கு விருப்பமில்லை. கணக்குப் பார்ப்பது என் தொழில்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் எனக்குப் பதிலாக ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் பால் கணக்கே இல்லை. "அக்கா பேறுகாலம், வெள்ளாடு 2." "அப்பா ஆஸ்பத்திரி, கிடாய் 3." "தம்பி காலேஜ் முதல் பீஸ், சினைக் கிடாரி." அந்தத் தம்பி நான்தான். இருபது ஆண்டுகளில் எந்த விலங்கு எந்தச் செலவுக்குப் போனது என்ற வரிகள் மட்டுமே இருந்தன. நான் பார்த்த கணக்கு தவறா, அம்மாவின் கணக்கு தவறா என்று எனக்குத் தெரியவில்லை. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் கோடிக்கணக்கான குடும்பங்கள் இந்தச் சிறு மிச்சத்துக்காகவா மாடும் ஆடும் வைத்திருக்கின்றன? அடுத்து நாங்கள் எதை வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் மருத்துவர்:

தம்பி, நான் கால்நடை மருத்துவராக முப்பத்து இரண்டு ஆண்டுகள் இந்த மாவட்டத்திலும் தேனியிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரண்டு கணக்குமே சரிதான். அவை இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றியவை. நீங்கள் பார்த்தது வரவு செலவு. உங்கள் அம்மா வைத்திருப்பது வங்கிப் புத்தகம். நிலமில்லாத குடும்பத்திடம் அவசரத்துக்குக் காசாக்கக்கூடிய பொருள் என்று தங்கத்துக்கு அடுத்தபடியாக இருப்பது ஆடும் மாடும்தான். தங்கம் குட்டி போடாது. வெள்ளாடு ஐந்து மாதச் சினையில் ஈன்று, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று ஈனும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி.

ஒரு பகுதியில் கால்நடை முழுவதுமாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1880களின் பிற்பகுதியில் மாடுகளுக்கு வரும் கொள்ளைநோயான வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, எத்தியோப்பியாவின் மாடுகளில் பத்தில் ஒன்பதைக் கொன்றது. உழுவதற்கு எருது இல்லாததால் வயல்கள் தரிசாயின. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். நோய் வந்தது மாட்டுக்கு, செத்தது மனிதர்கள். அந்த வெக்கை நோயைத் தடுப்பூசியால் உலகிலிருந்தே ஒழித்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதகுலம் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகச் சென்று வெக்கை ஊசி போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதை இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறேன்.

உங்கள் பசுவின் விஷயத்துக்கு வருகிறேன். கலப்பினப் பசுவைக் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. வெண்மைப் புரட்சிக்கான திட்டம் 1970இல் தொடங்கி, 1998 முதல் உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா இருக்கிறது என்றால், 2023-24இல் 23.9 கோடி டன் பால் கறந்தோம் என்றால், அது பெரிய பண்ணைகளால் நடந்ததல்ல. இரண்டு மாடும் மூன்று மாடும் வைத்திருக்கும் வீடுகளால் நடந்தது. அதில் கலப்பினத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பைவிட நாட்டில் அயலின, கலப்பின மாடுகள் 26.9 விழுக்காடு கூடியிருக்கின்றன; நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்திருக்கின்றன.

ஆனால் மாட்டைக் கொடுக்கும்போது மண்ணைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் பெரியாறு வைகைத் தண்ணீர் பாய்கிற இடத்தில் வரப்பில் புல் இருக்கிறது. ஐந்து சென்டில் கம்பு நேப்பியர் போட்டால் ஆண்டு முழுவதும் பசுந்தீவனம் அறுக்கலாம். அங்கே ஜெர்சி செழிக்கும். கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டிக் கரிசலில் பங்குனிக்குப் பிறகு பச்சை என்று சொல்ல சீமைக்கருவேலம் மட்டும்தான். அங்கே கலப்பினப் பசு தின்பதெல்லாம் காசு கொடுத்து வாங்கியது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது அது இரைத்துக்கொண்டு நிற்கும், தீவனம் எடுக்காது. உண்ணிக் காய்ச்சலை நாட்டு மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், கலப்பினம் தாங்காது. சிறுநீர் நிறம் மாறிய அன்றே 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அழைத்து ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. இதை உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பரிந்துரை ஆடுகள்தான்.

சங்கச் செயலாளர்:

மருத்துவர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. நான் மேலூர்ப் பக்கத்தில் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராகப் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன்.

காலை ஐந்தரை மணிக்கே வரிசை வந்துவிடும். தூக்குவாளி, எவர்சில்வர் குடம், சில பேர் தண்ணீர்ப் போத்தலில்கூடக் கொண்டு வருவார்கள். வரிசையில் நிற்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். பாலை ஊற்றி, மாதிரி எடுத்து, கொழுப்பும், கொழுப்பு அல்லாத இதரச் சத்தும் எவ்வளவு என்று எந்திரம் காட்டும்வரை அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல இருக்கும். 4.3 விழுக்காடு கொழுப்பும் 8.2 விழுக்காடு இதரச் சத்தும் இருக்கிற பசும்பாலுக்குத்தான் 2022 நவம்பரில் ஆவின் அறிவித்த 35 ரூபாய். அதற்கு மேல் 2023 டிசம்பர் முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை. வெறும் வைக்கோலைத் தின்கிற மாட்டின் பாலில் இதரச் சத்து 7.8க்கு இறங்கிவிடும், விலையும் இறங்கும். தம்பியின் அம்மாவுக்குக் கையில் 34 ரூபாய்தான் கிடைத்தது என்றால், அந்த வேறுபாடு முழுவதும் பசும்புல் இல்லாத வேறுபாடு. வறண்ட நிலத்துக்காரருக்கு அதே உழைப்புக்குக் குறைந்த விலை என்பதை நான் தினமும் பார்த்து வருந்துகிறேன்.

நான் மாறுபடுகிற இடம் இது. ஆட்டுப் பணம் மொத்தமாக வரும். ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர் யார்? பெரும்பாலான வீடுகளில் ஆண்கள். தரகும் வண்டி வாடகையும் போக, வழியில் வேறு செலவுகளும் போக, வீடு வந்து சேருகிற பணம் எவ்வளவு என்று வளர்த்தவளுக்குத் தெரியாது. பால் பணம் அப்படி இல்லை. சிறிய தொகை, ஆனால் பட்டுவாடா நாளில் அவள் பெயரில், அவள் கணக்கில் வந்து விழுகிறது. ஏழைக் கால்நடை வளர்ப்போரில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆனால் உழைப்பவள் அவள் என்பதும் பணத்தைத் தொடுபவள் அவள் என்பதும் ஒன்றாக இருப்பதில்லை. எங்கள் சங்கத்தில் உறுப்பினர் பெயரைக் கணவரிடமிருந்து மனைவிக்கு மாற்றுவதற்கு நான் வீடு வீடாக நடந்திருக்கிறேன். மாற்றிய வீடுகளில் மளிகைக் கடைப் பாக்கி குறைந்ததைக் கடைக்காரரே என்னிடம் சொன்னார்.

தம்பி, ஒரு கேள்வி. இங்கே எங்களிடம் எல்லாம் கேட்கிறீர்கள். அடுத்து என்ன வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

உசிலை ஆசிரியர்:

இங்கே எல்லோரும் கால்நடையைப் பற்றி நல்லதையே சொல்வதால், நான் கண்ட மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் இடைவெளி விழுகிற பிள்ளைகளைத் தேடிப் போனால், பாதிப் பேரைக் கண்மாய்க் கரையில் ஆட்டுக்குப் பின்னால்தான் பிடிக்க முடியும். அந்தப் பிள்ளையின் படிப்பை எந்த நோட்டில் செலவாக எழுதுவது?

இன்னொன்று, சேமிப்பு என்கிறீர்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார்களே, அப்போது என்ன நடந்தது? தண்ணீர் இல்லை, வைக்கோல் கட்டு விலை ஏறிவிட்டது, எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். நாற்பதாயிரத்துக்கு வாங்கிய மாட்டைப் பன்னிரண்டாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிய ஒருவரின் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். தேவைப்படுகிற அன்று மூடிக்கிடக்கிற வங்கியை எப்படி வங்கி என்று சொல்வது? ஏழைகள் மாட்டை நம்பி இருக்கிறார்கள் என்பதைப் பெருமையாகப் பேசாமல், அவர்களுக்கு வேறு வழியை அடைத்துவிட்டோம் என்பதற்கான அடையாளமாகப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. மனிதச் செயல்களால் வெளியேறும் பசுமையில்ல வாயுக்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு கால்நடை வளர்ப்பைச் சார்ந்தது என்று அதே உணவு வேளாண்மை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதையும் எங்கோ ஓர் இடத்தில் எழுதியாக வேண்டும்.

கடல்கடந்தவன்:

ஆசிரியர் ஐயாவின் கேள்வி நேர்மையானது. பாலமேட்டுக்காரனான நான் ஆறு ஆண்டுகள் கென்யாவின் வடபகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே பயிரே கிடையாது. ஒட்டகமும் ஆடும் மாடும்தான் சோறு, வீடு, சீர் எல்லாம். "வேறு வழி" என்று நாம் சொல்வதை அந்த நிலத்தில் சொல்லவே முடியாது. ஏனென்றால் அந்த வறள்நிலத்தின் புல்லை உணவாக மாற்றுகிற ஒரே எந்திரம் அந்த விலங்கின் வயிறுதான்.

வறட்சியில் விலை விழும் என்று ஐயா சொன்ன அதே சிக்கலுக்கு அங்கே ஒரு விடை தேடினார்கள். நைரோபியில் இருக்கும் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் 2010இல் மார்சபிட் மாவட்டத்தில் ஒரு காப்பீட்டைத் தொடங்கினார்கள். அதில் யாரும் வந்து செத்த மாட்டைப் பார்ப்பதில்லை. காது வில்லையும் தேவையில்லை. செயற்கைக்கோள் எடுக்கிற படத்தில் அந்தப் பகுதியின் புல் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வழக்கமான அளவுக்கு வெகுவாகக் கீழே போனால், காப்பீடு எடுத்த எல்லோருக்கும் பணம். முதலில் இறப்பை ஈடுகட்டும் ஏற்பாடாக இருந்தது, பிறகு விலங்கு சாவதற்கு முன்பே தீவனமும் தண்ணீரும் வாங்கிக் காப்பாற்றப் பணம் தரும் ஏற்பாடாக மாறியது. செத்த பிறகு கொடுக்கிற பணத்தைவிடச் சாகாமல் இருக்கக் கொடுக்கிற பணம் சிறிது என்பதை அனுபவத்தில் கண்டார்கள். குறையும் உண்டு. படத்தில் பச்சையாகத் தெரிகிற புல் மாடு தின்னாத புதராக இருந்தால் பணம் வராது. உண்ணிக் காய்ச்சல் போன்ற நோய்க்கும் இது உதவாது. ஆகவே கரிசல்மண் அவர்களின் பசுவுக்கு இதனால் பயன் இருந்திருக்காது. 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து 5 மழைப்பருவங்கள் பொய்த்தபோது, காப்பீடு இருந்தும் மந்தைகளை இழந்தவர்களை நான் அறிவேன்.

விலங்கைக் கையில் கொடுத்துவிட்டால் வறுமை போய்விடுமா என்ற கேள்விக்கும் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் மிக ஏழைப் பெண்களுக்குப் பசுவோ ஆடோ கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. விலங்கோடு நிறுத்தவில்லை. அது வருமானம் தருகிறவரை வீட்டுச் செலவுக்குச் சிறு உதவித்தொகை, வளர்ப்புப் பயிற்சி, சேமிப்புக் கணக்கு, வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒருவர் என எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். ஐந்து நாடுகளில் திட்டம் முடிந்து ஓர் ஆண்டு ஆன பின்னும் பலன் நிலைத்தது. ஹோண்டுராஸில் நிலைக்கவில்லை. அங்கே பலரும் தேர்ந்தெடுத்தவை கோழிகள். அவை நோயில் செத்துப்போயின. மருத்துவர் ஐயா இதைப் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்: ஊசி போடுகிறவர் இல்லாத ஊரில் கொடுக்கும் விலங்கு, கொடுத்த கையோடு போய்விடும்.

ருவாண்டாவில் 2006 முதல் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு என்ற திட்டம் நடக்கிறது. பசுவைப் பெற்றவர் அதன் முதல் கிடாரிக் கன்றை அடுத்த ஏழை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இதை அங்கே கேட்டபோது எனக்கு நம் ஊர் ஆட்டு வார முறைதான் நினைவுக்கு வந்தது. பெட்டை ஆட்டை இன்னொரு வீட்டுக்கு வாரத்துக்கு விட்டு, ஈனும் குட்டிகளில் பாதிப் பாதி எடுத்துக்கொள்கிறோமே, அதை நாம் அரசாணை இல்லாமலே செய்து வந்திருக்கிறோம். நம் மாநிலத்தில் 2011இல் விலையில்லா ஆடுகளும் கறவைப் பசுக்களும் கொடுக்கத் தொடங்கியபோது, அந்த வார முறையையும் வாராவாரம் வந்து பார்க்கிற ஒருவரையும் சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல முறை எண்ணியிருக்கிறேன்.

கிடைக்காரன் மகன்:

இதுவரை பேசியவர்கள் ஒரு மாடு, இரண்டு மாடு, நான்கு ஆடு என்றே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் புலிக்குளம் இன நாட்டு மாடுகள் இருநூறு இருந்தன, இன்றைக்கு அறுபது. எங்கள் மாட்டில் பாலுக்குக் கணக்கே இல்லை, கன்று குடித்தது போக ஒரு லிட்டர் கிடைத்தால் அதிகம். எங்களுக்குப் பிழைப்பு சாணத்தில். அறுவடை முடிந்த வயலில் இரவு மாடுகளை மடக்கிக் கிடை போட்டால், விடிவதற்குள் அந்த வயலுக்கு ஓர் ஆண்டுக்கான உரம் விழுந்துவிடும். வயல்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிப் பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். சிவகங்கையில் தொடங்கி மேலூர் வயல்கள், பிறகு தேனிப் பக்கத்து மலையடிவாரம் என்று எங்கள் அப்பா ஆண்டு முழுவதும் நடந்திருக்கிறார். கிடை போட்ட இரவில் கன்றுகளை மட்டும் நடுவில் வலைப் பட்டிக்குள் அடைத்திருப்போம். தாய்மாடுகள் அந்தப் பட்டியைச் சுற்றித்தான் படுக்கும், வேறு எங்கும் போகாது. காவலுக்கு நாய் ஒன்றும் நாங்கள் இருவரும் போதும்.

இந்த மாட்டுக்குத் தீவனச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆனால் நடக்க இடம் வேண்டும். மந்தைவெளியும் மேய்ச்சல் புறம்போக்கும் மனைகளாகவும் கட்டடங்களாகவும் போய்விட்டன. மழைக்காலத்தில் வயலெல்லாம் பயிராக இருக்கும்போது மாட்டை வைத்திருக்க மலைக்காடு ஒன்றுதான் வழி. மேகமலைக் காடு 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. எங்களைப் போன்றவர்கள் போய்வந்த வழி பெரும்பாலும் அந்தச் சுருக்கத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்கு ஈடாக எங்கே மேய்ப்பது என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மதுரைத் தமுக்கத்தில் கூடியவர்களில் நானும் ஒருவன். 2023 மே 18இல் சல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அன்று எங்கள் ஊரில் வெடி போட்டோம். ஆனால் அலங்காநல்லூரில் அவிழ்த்துவிடுகிற புலிக்குளம் காளை வீட்டுத் தொழுவத்தில் பிறப்பதில்லை, கிடையில் பிறக்கிறது. கிடை போய்விட்டால் காளை எங்கிருந்து வரும் என்பதை, காளையை நேசிக்கிற எல்லோரும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. எங்கள் அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். "எங்க மேய்க்கலாம்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார்.

உசிலை ஆசிரியர்:

கடல்கடந்தவன் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. வாராவாரம் வந்து பார்க்கிற ஒருவர் என்பதுதான் நாம் விட்ட இடம் என்பதை ஏற்கிறேன். பிள்ளைகளின் படிப்பு பற்றி நான் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரிசல்மண் அவர்களின் கல்லூரிக் கட்டணத்தை ஒரு சினைக் கிடாரி கட்டியது என்பது என்னை மகிழ்விக்கிறது, ஆனால் அந்தக் கிடாரிக்குப் புல் அறுத்தது அவருடைய அக்காவா, அவரா, அந்த அக்கா எதுவரை படித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

திருநகர் மருத்துவர்:

செயலாளர் அம்மா சொன்னதைப் படித்தேன். பணம் யார் கைக்குப் போகிறது என்பதை நாங்கள் கல்லூரியில் படிக்கவில்லை. மாட்டை மட்டும்தான் படித்தோம்.

ஆடு வாங்குவதானால் சில குறிப்புகள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்; இரண்டு பல் போட்ட பெட்டை ஓர் ஆண்டைத் தாண்டியது, அதுதான் உங்களுக்கு ஏற்றது. கீழிமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் குடற்புழு. மடியில் இரண்டு காம்பும் சரியாக இருக்க வேண்டும். சந்தை ஆட்டை வாங்கிய அன்றே வீட்டு ஆட்டோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி கட்டாயம். அந்த நோயையும் 2030க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். புரட்டாசியில் விலை இறங்கும்; வாங்குவதற்கு அதுதான் நேரம். விற்பதானால் தீபாவளிக்கு முந்தைய சந்தை.

கரிசல்மண்:

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் சார், புல் அறுத்தது அக்கா. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். நீங்கள் கேட்கும்வரை அந்த நோட்டில் இல்லாத அந்த வரியை நான் நினைத்ததில்லை. அதைப் பற்றி அவரிடம் பேசினேன், இங்கே எழுதுவதற்கில்லை.

செயலாளர் அக்கா கேட்ட கேள்வியோடு ஊருக்குப் போனேன். அம்மா உடனே பதில் சொன்னார்; முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார். செத்துப்போன பசுவுக்கு ஏழு மாதக் கிடாரிக் கன்று ஒன்று இருப்பதை நான் முதல் பதிவில் எழுதவே இல்லை. என் கணக்கில் அது பால் தராத விலங்கு, அதனால் விட்டுவிட்டேன். அம்மா கடன் வாங்கி மாடு பிடிப்பதாகவே இல்லை. "கிடாரி சினை பிடிக்க ஒரு வருசத்துக்கு மேல ஆகும், கன்னாப் பொறந்து இந்த மண்ணுலயே வளர்ந்தது வெயில தாங்கும், அதுவரைக்கும் ஆடு" என்றார். பால் சங்கத்தில் உறுப்பினர் பெயர் இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. அதை அம்மா பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருமங்கலம் ஆட்டுச்சந்தைக்குப் போனோம். அம்மாவே வந்தார். துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள் நடுவில், அவர் சத்தமாகவே விலை கேட்டார். ஏழு ஆடுகளின் கீழிமையை இழுத்துப் பார்த்து நான்கை வேண்டாம் என்று ஒதுக்கினார். மருத்துவர் ஐயா சொன்னதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு பல் போட்ட பெட்டைகள் இரண்டும் சினையாடு ஒன்றும் சேர்த்து 27,500 ரூபாய். என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். அம்மா அதைக் கடன் என்றே நோட்டில் எழுதியிருக்கிறார். ஒரு பெட்டையை எதிர்வீட்டுச் சித்திக்கு வாரத்துக்கு விடுவதாகப் பேச்சு. மூன்றும் இப்போது தொழுவத்தின் தென்பக்கம் தனியே கட்டியிருக்கின்றன, தடுப்பூசி போட்டாயிற்று.

கன்றுக்குக் காதில் புதிய வில்லை குத்தியாயிற்று. அது அறுந்தால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி, தொழுவத்துத் தூணில் ஒட்டி வைத்திருக்கிறேன்.